இடது காதைப் பார்த்துப் பேசியவர்

அவர் என்னோடு பேசும்போது என் இடது காதைப் பார்த்துத்தான் பேசுவார். பழகாதவர்கள், பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். கடையில் சில்லறை வாங்கும்போது கடைக்காரரின் தோளைப் பார்ப்பார். பேருந்தின் ஊர்ப்பலகையைப் படிக்க, பக்கத்தில் நிற்கும் மரக்கிளையைப் பார்ப்பார். கர்வம் பிடித்தவர் என்று சிலர் சொன்னார்கள். கள்ளப் பார்வை என்றவர்களும் உண்டு.

அப்படிப் பார்க்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். இதை எழுத உட்கார்ந்த நாளிலிருந்து பாதியில் எழுந்து எழுந்து போய்க்கொண்டிருக்கிறேன். மோட்டாரை நிறுத்தினோமா, வாசல் கேட்டைச் சாத்தினோமா என்று ஏதாவது ஒரு சாக்கு.

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகும் சாலையில், வயலை மனைகளாகப் பிரித்து விற்ற காலத்தில் உண்டான தெரு எங்களுடையது. நாங்கள் குடிவந்த முதல் வருடம் கொல்லையில் நெற்பயிர் தானாக முளைத்தது. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மாடியில் அவரும் அவர் மனைவியும் வாடகைக்கு இருந்தார்கள். ஓர் அரிசி ஆலையில் லாரி ஓட்டினார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அப்போது நான் அவரை 'நீ' என்றுதான் பேசுவேன். இப்போது எழுதும்போது கை 'அவர்' என்றுதான் எழுதுகிறது.

அவரால் எதையும் பார்க்காமல் இருக்க முடியாது. தெருக்கோடியில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டால் சாப்பிடுகிற கையோடு எழுந்துவிடுவார். "இருங்க, பாத்துட்டு வந்துர்றேன்." புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால், திறந்தது உண்மைதானா என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். எங்கள் வீட்டுக்குள் வந்தால் முதலில் அடுப்படிக்குப் போய் மூடியைத் திறப்பார்.

"என்னக்கா, வத்தக்குழம்பா?"

"கேட்டா சொல்ல மாட்டேனா தம்பி?" என்பாள் என் மனைவி.

"நீங்க சொல்லுவீங்கக்கா. நான் பாக்கணும்ல?"

பக்கத்துத் தெருவில் கேபிள் டிவிக்காரர் மொட்டை மாடியில் பெரிய டிஷ் வைத்தபோது, அன்று மாலையே ஏறிப் போய் அதற்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தார். "உள்ள ஒண்ணுமே இல்ல சார். வெறும் சட்டி" என்று என்னிடம் புகார் சொன்னார், நான் ஏதோ ஏமாற்றிவிட்ட மாதிரி.

ஒருநாள் பேருந்துகள் ஓடவில்லை. தேர்வு மேற்பார்வைக்காக அவருடைய லாரியில் ஏறிக்கொண்டேன். வழியில் ஒரு வயலில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக்கு அது அப்போதுதான் வந்திருந்தது. லாரியை ஓரங்கட்டிவிட்டுக் குதித்தார். இயந்திரம் நின்ற இடைவெளியில் அதன் அடியில் படுத்தே பார்த்தார். ஓட்டுகிறவன் மேலிருந்து வாய்க்கு வந்தபடி திட்டினான். உடம்பெல்லாம் சேற்றோடு திரும்பி வந்தார்.

"உன்னால எனக்கு லேட்டாச்சு" என்றேன்.

"பரீட்சை அங்கயேதான் சார் இருக்கும். இது அடுத்த வயலுக்குப் போயிரும். நெல்லு எங்கிட்டுப் போவுது, வைக்கோலு எங்கிட்டுப் போவுதுன்னு தெரிஞ்சுக்க வேணாமா?"

"யாரையாவது கேட்டா சொல்லப்போறான்."

"சொல்றவன் கண்ணு அவன்கிட்டதானே சார் இருக்கு?"

இதை அடிக்கடி சொல்வார். அடுத்தவர் சொல்லை அவர் நம்பி நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு முறை நம்பினார். அது என் சொல்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம் வந்தது. வடக்கே சில ஊர்களில் முழு கிரகணம். நமக்குப் பாதிக்கு மேல் மறையும், அவ்வளவுதான். தெருவில் வெடிக் காகிதங்கள் கிடந்தன, ஆள் இல்லை. கதவுகளையும் சன்னல்களையும் சாத்திக்கொண்டு எல்லோரும் உள்ளே இருந்தார்கள். நான் ஒருவன்தான் மாடியில் நாற்காலி போட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிவந்த எக்ஸ்ரே பிலிமில் கறுத்த பகுதியாகப் பார்த்து வெட்டி, இரண்டு இரண்டாக ஒட்டி வைத்துக்கொண்டு ஆள் வருமா என்று காத்திருந்தேன். எக்ஸ்ரே பிலிமும் கூடாது, அதற்கென்று செய்த கண்ணாடிதான் வேண்டும் என்று இன்று சொல்கிறோம். அன்று எனக்குத் தெரிந்த அறிவியல் அதுதான்.

அவர் வந்தார். அவர் மனைவிக்கு அப்போது ஆறாவது மாதம். மாமியார் வந்து மகளை அறைக்குள் வைத்துப் பூட்டாத குறை. அந்தப் பெண் சன்னலுக்குள்ளிருந்தே கத்திச் சொன்னது எனக்குக் கேட்டது. "சார் சொல்றபடிதான் பாக்கணும். ஆமா, சொல்லிப்புட்டேன்."

பிலிம் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவ்வளவுதானா சார்? யாரோ கடிச்சுட்டு வச்ச அதிரசம் மாதிரி இருக்கு."

கீழே கூடத்தில் தொலைக்காட்சியில் வடக்கேயிருந்து நேரடி ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் இறங்கி வந்தோம். அங்கே முழு மறைவு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கில் ஜனங்கள் ஒரு மைதானத்தில் நின்றார்கள். திரை இருண்டது. கறுத்த வட்டத்தின் விளிம்பில் ஒரு புள்ளி வைரம்போல மின்னி அணைந்தது. கூட்டம் 'ஓ' என்றது. வாழ்நாள் முழுவதும் பாடப்புத்தகத்தில் படித்ததை அன்றுதான் பார்த்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. வர்ணனையாளர் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் சொல்றாரு?"

"முழுசா மறைஞ்சிருச்சாம். இப்ப வெறுங்கண்ணாலயே பாக்கலாங்கறார்."

"பாக்கலாமா சார்?"

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ம்" என்றேன்.

எதற்கும் யாரிடமும் அனுமதி கேட்காதவர், அன்று மனைவி சொன்னதற்காக என்னிடம் கேட்டார். நான் "ம்" என்றேன். அந்த அனுமதி முழுதாக மறைந்த ஊர்களுக்கு, அதுவும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் உரியது. நம் ஊரில் சூரியன் மறையவே இல்லை. ஓரத்தில் மிச்சமிருக்கும் கீற்று ஒன்றே கண்ணை வேகவைக்கப் போதும். இது எனக்குத் தெரியாததல்ல. முந்தின வாரம் வகுப்பில் நடத்தியதே இதுதான்.

"பாத்துட்டு வந்துர்றேன்" என்றார். கையிலிருந்த பிலிமைத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

திரையில் வெளிச்சம் திரும்பி, கூட்டம் கைதட்டி, விளம்பரம் வந்த பிறகும் அவர் வரவில்லை. வந்தபோது இரண்டு கண்களிலும் நீர் வழிந்தது.

"டிவில காட்டுன மாதிரி இல்ல சார். ஓரத்துல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அதுவும் மறைஞ்சிரும், மறைஞ்சிரும்னு பாத்துக்கிட்டே நின்னேன். மறையல."

அப்போதுதான் நான் சொன்ன 'ம்' எனக்கு உறைத்தது. "போய்க் கண்ணைக் கழுவு" என்றேன்.

மறுநாள் காலையில் அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தது இன்னும் நினைவிருக்கிறது. சிரித்துக்கொண்டுதான் வந்தார்.

"சார், அவ முகத்துல மூக்கைக் காணோம். எங்க பாத்தாலும் நடுவுல ஒரு பொட்டு. பேப்பர்ல நான் பாக்குற எழுத்து மட்டும் இல்ல. பக்கத்துல உள்ளதெல்லாம் இருக்கு."

கண் டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். கண்ணின் உள்திரையில் கூர்ந்து பார்க்கும் நடுப்புள்ளி வெந்துவிட்டது என்றார் டாக்டர். அந்த இடத்துக்கு வலி தெரியாது. அதனால்தான் சுடச்சுடப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். மருந்து கிடையாது. சிலருக்குச் சில மாதங்களில் கொஞ்சம் திரும்பும், சிலருக்குத் திரும்பாது.

"பிலிம் ஏதும் வச்சுக்கலியா?" என்று டாக்டர் கேட்டார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "குடுத்தேன் டாக்டர். டிவி மேல வச்சுட்டு ஓடிட்டான்."

அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. அவரும் தலையாட்டினார். "ஆமா சார், என் அவசரம்."

தெருவில் அதுவே கதையாயிற்று. வாத்தியார் பிலிம் கொடுத்தார், அவசரக்குடுக்கை கேட்காமல் ஓடிப்போய்ப் பார்த்தான், பட்டான். அவர் மாமியார் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று சொன்னார். "படிச்சவங்க சொன்னா கேக்கணும். இவருக்கு எதையும் மோந்து பாத்தாவணும்." நான் கேட்டுக்கொண்டு உள்ளே இருந்தேன். என் மனைவிகூட அந்தக் கதையைத்தான் கடைசிவரை நம்பியிருந்தாள். நான் 'ம்' சொன்னபோது அவள் அடுப்படியில் இருந்தாள்.

இதற்குள் கூத்தாநல்லூர் ஏஜண்ட் ஒருவர் மூலம் அவருக்கு வளைகுடாவில் ஓட்டுநர் வேலைக்கு விசா வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் அப்போது கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆலை வேலையை விட்டுவிட்டார். அவர் லாரியை வேறொருவர் ஓட்டினார். குழந்தை பிறந்திருந்தது. மிச்சமிருந்தது மெட்ராஸில் மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான்.

ஏஜண்ட் நல்ல மனிதர். தெருவில் நின்று அவரிடம் சொன்னார். "மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன் தம்பி. கண்ணுக்கு ஒரு அட்டை வச்சிருப்பாங்க. அதைப் படிக்கலேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அன்று சாயங்காலம் என்னிடம் வந்தார். "சார், பொட்டு போகல. ஏதாச்சும் வழி இருக்கா?"

வழி இருந்தது. நடுப்புள்ளி போனாலும் சுற்றியுள்ள பகுதி பார்க்கும். எழுத்தை நேராகப் பார்க்காமல் அதற்குச் சற்றுத் தள்ளிப் பார்த்தால், எழுத்து ஓரப்பார்வையில் வந்து விழும். மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து ஓர் அட்டை வாங்கி வந்து மாடிச் சுவரில் மாட்டினேன். தினம் மாலை பழக்கினேன்.

"எழுத்தைப் பாக்காத. எழுத்துக்கு இந்தப் பக்கம் சுவரைப் பாரு. இப்ப?"

"இங்கிலீஷ் ஈ எழுத்து தெரியுது சார்."

"என்னைப் பாரு. என் முகத்தைப் பாக்காத. காதைப் பாரு."

அவர் என் இடது காதைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "சார், உங்களுக்கு மூக்கு வந்துருச்சு." இருவரும் சிரித்தோம். "எம்பொண்ணு காதைப் பாத்தா அவளும் முழுசாத் தெரிவாளா சார்? இருங்க, பாத்துட்டு வந்துர்றேன்" என்று படியில் தடதடவென இறங்கி ஓடினார்.

என்னால் போனதை நானே மீட்டுக் கொடுக்கிறேன் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். அவர் எதிர் மாடியில் நின்று எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. போய்விட்டால் தேவலை என்றிருந்தது. போகிறவர் லாரி ஓட்டப் போகிறார் என்பது மறந்துபோகவில்லை. பாலைவனத்துச் சாலையில் யார் இருக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அட்டையைப் படித்துவிட்டார். கிளம்பும் நாளில் வந்து, "அந்த ஊரு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்துர்றேன் சார்" என்றார்.

சில வருடங்களில் திரும்பி வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அடுப்படிக்குப் போய் மூடியைத் திறக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, என் காதைப் பார்த்துச் சொன்னார்.

"தண்ணி லாரி சார். நம்ம ஊரு மாதிரி மாடு கிடையாது, சைக்கிள் கிடையாது. ராஜா மாதிரி ஓட்டுனேன்."

"அப்புறம்?"

"அந்தப் பொட்டு இருக்குல்ல, அது தூரத்துல ரோட்டு நடுவுல ஒரு ஆள் நிக்கிற மாதிரியே இருக்கும். மொதல்ல எல்லாம் பிரேக் அடிப்பேன். கிட்டப் போனா யாரும் இருக்க மாட்டாங்க. பின்னாடி வர்றவன் வைவான். அப்புறம் பழகிருச்சு. அடிக்கிறதை விட்டுட்டேன்."

காபி டம்ளரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"அன்னிக்கு நிஜமாவே ஒரு ஆள் நின்னாரு சார்."

"உயிரு?"

"இருந்துச்சு. காலு ஒண்ணு போயிருச்சு. ரோடு போடுற ஆளு. எந்த ஊரு, என்ன பேரு, ஒண்ணும் தெரியல. போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்னு ஜெயில்ல கேட்டேன். விடல. அப்படியே பிளேன்ல ஏத்தி அனுப்பிட்டாங்க."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "காபி ஆறுது" என்றேன்.

பிறகு அவர் வண்டியைத் தொடவில்லை. நாற்காலி, பந்தல், பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்தார். கல்யாணமோ காதுகுத்தோ அவருடைய சிவப்பு நாற்காலிகள்தான். மகள் பெரியவளாகிப் பள்ளிக்கூடம் போனாள். அவர் எதையும் போய்ப் பார்ப்பதில்லை. தெருவில் சத்தம் கேட்டாலும் இருந்த இடத்திலேயே இருப்பார்.

நானோ பேச்சாளனாகிவிட்டிருந்தேன். இன்னொரு கிரகணம் வந்தபோது பள்ளிக்கூடங்களில் பேச அழைத்தார்கள். கண் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் ஒரு கதை சொல்வேன். "எங்கள் தெருவில் ஓர் ஓட்டுநர் இருந்தார். எவ்வளவோ சொல்லியும் கேட்காமல்..." என்று தொடங்கினால் கூட்டம் அடங்கிப்போகும். அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போனது. சில கூட்டங்களுக்கு நாற்காலி போட்டவர் அவர்தான். கூட்டம் முடிந்து அடுக்கி எடுத்துப் போக வேண்டுமே, அதனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுதும் கேட்பார். பெயர் சொல்லவில்லையே என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம்.

பிறகு ஒரு பொங்கலுக்கு மறுநாள் நடுப்பகலில் பெரிய கிரகணம் வந்தது. சூரியன் மோதிரம்போலத் தெரியக்கூடும் என்றார்கள். நான் ஓய்வு பெற்றிருந்தேன். மனைவி போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. தெருச் சங்கத்தார் புங்கமரத்தடியில் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார்கள். இந்தக் கிரகணத்தில் ஒரு நொடிகூட வெறுங்கண்ணால் பார்க்கலாகாது, மோதிரமாகத் தெரியும்போதும்கூட என்று சொன்னேன். வழக்கம்போல ஓட்டுநர் கதையைச் சொன்னேன். ஜனங்கள் வாங்கி வைத்திருந்த கறுப்புக் கண்ணாடி அட்டைகளை எடுத்துக்கொண்டு திறந்த வெளிக்குப் போனார்கள்.

அவர் மட்டும் மரத்தடியில் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார். நான் மேசைமேல் இருந்த காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"சார்" என்றார். "இன்னிக்குப் பாக்கலாமா?"

கேலியில்லை. அன்று கூடத்தில் கேட்ட அதே குரல். ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"மேல பாக்க வேணாம். கீழ பாருங்க" என்றேன். என்னையறியாமல் 'ங்க' வந்தது.

புங்க இலைகளின் சின்னச் சின்ன இடைவெளிகள் வழியாக வெயில் விழுந்த இடமெல்லாம் பிறைகள், ஒவ்வொன்றும் மறைந்துகொண்டிருக்கும் சூரியனின் பிம்பம். மண்ணில், அடுக்கிய சிவப்பு நாற்காலிகளில், அவர் வெள்ளைச் சட்டையின் தோளில், எல்லா இடத்திலும் ஒரே பக்கம் வளைந்த பிறைகள். சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். கண்ணாடியும் பிலிமும் வேண்டாம். அந்தத் தீபாவளிக்கு மறுநாளும் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் இது விழுந்திருக்கும். நான் கூடத்தில் இருந்தேன்.

அவர் ஒரு நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்து, அதன் இருக்கையில் விழுந்த பிறைகளைக் கண்டுகொண்டார். கையை நீட்டினார். உள்ளங்கையில் ஒன்று விழுந்தது.

"இதுக்குக் கண்ணே தேவையில்ல போல" என்றார்.

அப்போது சொன்னேன். "அன்னிக்கு டிவில சொன்னது அந்த ஊருக்கு. நம்ம ஊருக்கு இல்ல. எனக்குத் தெரியும். நீங்க கேட்டப்போ நான் யோசிக்காம ம்-னுட்டேன். உங்க தப்பு இல்ல. என் தப்பு."

அவர் கை அப்படியே நீட்டியிருந்தது.

"தெரியும் சார்."

"எப்படி?"

"அங்க என் ரூம்ல ஒரு வடக்கத்தி ஆளு இருந்தாரு. அவரு ஊருல அன்னிக்குப் பகல்லயே நட்சத்திரம் தெரிஞ்சுச்சாம். வெறுங்கண்ணால பாத்தாராம். அவரு கண்ணு நல்லா இருந்துச்சு. ஏன்னு கேட்டேன். அவரு சொன்னாரு, எங்க ஊர்ல முழுசா மறைஞ்சுது, உங்க ஊர்ல மறையலியேன்னு. ஆக்சிடெண்டுக்கு முன்னாடியே தெரியும் சார்."

அதற்குப் பிறகுதான் அவர் என் கூடத்தில் வந்து உட்கார்ந்து காபி குடித்தார். அதற்குப் பிறகுதான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எவ்வளவோ சொல்லியும் கேட்காத ஓட்டுநரின் கதையை ஒவ்வொரு முறையும் கேட்டார்.

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

வெளியே யாரோ கைதட்டினார்கள். வெயில் மங்கி, நிலா வெளிச்சம்போல ஆகியிருந்தது. அவர் கையை மடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு என் காதை விட்டுவிட்டு, நேராக என் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

நேராகப் பார்த்தால் என் முகம் அவருக்குத் தெரியாது. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.